பூட்டிய கிணறுகள்

வியாழக்கிழமை இரவு, செஞ்சி.

தளவானூர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை எவரும் செல்போனில் பார்க்கும்படி யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய ஒரு திறமூல மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தேன். தன் கட்டுரை வெளிவரும்வரை யாரும் பார்க்கக் கூடாதென்று, நான் ஆய்வு உதவியாளராக வேலை செய்யும் பேராசிரியர் இன்று அதைப் பூட்டிவிட்டார்.

தினமும் கிணற்றை அளந்து அனுப்பும் அமுதாக்கா போன் செய்தார். "இன்னாமா, என் கெணத்தப் பாக்க என்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குது? மத்த கெணறுங்களயும் பாக்காம நெல்லு நடறதா வேணாமான்னு எப்டி முடிவு பண்றது?"

பேராசிரியரிடம் கேட்டேன். "விவசாயிங்களுக்கு டேட்டா எதுக்கும்மா?" என்று சிரித்தார். அருவருப்பாக இருந்தது.

வீட்டுக் கணினியில் அதே மென்பொருளை நிறுவி, என்னிடமிருந்த அளவுகளை ஏற்றி, அக்காவுக்கு இணைப்பு அனுப்பினேன்.

"இப்ப தெரியுதும்மா. எல்லாக் கெணறும் எறங்கிடுச்சு. நெல்லுக்குத் தண்ணி பத்தாது. மல்லாட்டையே போட்டுக்கறேன், கடலைக்குக் கொஞ்சத் தண்ணி போதும்."

என் வேலை போகலாம். போகட்டும். நாளை அந்தச் சிரித்த முகத்துக்கு வணக்கம் வைக்க வேண்டுமே, அதுதான் கசக்கிறது.