பழவேற்காட்டில் காலியாகக் கிடந்த இடம்

என் கோபக்காரிக்கு,

இரண்டு பேருக்கென்று நீ ஏற்பாடு செய்த பழவேற்காட்டுப் பயணத்தை, நீ அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதால், நான் ஒருவனே போய்த் தொலைத்துவிட்டு வந்தேன்.

டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் என் தொப்பையைப் பார்த்து இளித்தன. ஏரியில் படகுக்காரர் நீலமேகத்திடம் ஒரு தடவை வலை வீசிக் காட்டச் சொல்லி உயிரை வாங்கினேன். மனிதர் அசையவில்லை.

“இன்னிக்கு எங்க முறை இல்ல சார். இந்த எடம் அந்தாண்ட குப்பத்துக்காரங்களுது.”

“ஈ காக்காய் இல்லையே! காலியாகத்தானே கிடக்கிறது?”

“காலியா கெடந்தா இன்னா சார்? அவங்க வர்ற வரிக்கும் அது அவங்க எடம்தான். நாம பூந்தா ஊரு கேக்கும்.”

கரைக்கு வந்தால், இறால் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லோகநாயகி பிடித்துக்கொண்டாள்.

“அம்மா வரலியா சார்?”

“அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.”

“சண்டைதான்னு சொல்லு,” என்று கணவரிடம் தீர்ப்பு வழங்கினாள். இந்நேரம் அவர்கள் ஊரான தோணிரேவு முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஆளில்லாத தண்ணீருக்கு இவ்வளவு மரியாதையா என்று எரிந்துகொண்டே வீடு வந்தேன். கட்டிலில் நீ படுக்கும் பக்கம் என் அழுக்குத் துணி, செய்தித்தாள், முறுக்கு டப்பா எல்லாம் குடியேறியிருந்தன. முணுமுணுத்தபடியே அத்தனையையும் காலி செய்து, புது விரிப்புப் போட்டிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது. வந்து திட்டு.

இப்படிக்கு,
கட்டிலின் இந்தப் பக்கத்துக்காரன்