தட்டியவருக்குக் கதவைத் திறந்ததற்காக மன்னிப்புக் கேட்க மறுக்கும் மனு

அனுப்புநர்:
கதவுப் பணியாளர்,
இரட்டைக்கதவு அறை, கீழ்த்தளம்,
சுரங்கக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
குடியிருப்பு நிர்வாக அலுவலகம்,
மேல்தளம்.

பொருள்: அனுமதியின்றி வெளிக்கதவைத் திறந்ததற்கு மன்னிப்புக் கடிதம் கேட்கும் ஆணையை ஏற்க மறுத்தல் – தட்டும் ஓசையைப் புறக்கணிக்கும்படி இயந்திரத்துக்கு இட்ட கட்டளையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனக்கு நேரில் தராமல் என் கணவரிடம் கொடுத்தனுப்பிய தங்கள் அலுவலகக் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரியாதையில் குறை வைக்காமலும் கோபத்தை மறைக்காமலும் இதை எழுதுகிறேன்.

1. தங்கள் ஆவணங்கள் சிறுகோள் என்று குறிப்பிடும் இந்த இடத்தை நாங்கள் பாறை என்போம். இந்தப் பாறைக்கு முதல் கப்பலில் வந்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து எனக்குக் கதவு வேலைதான். உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று, நடுவே நாலு பேர் நெருக்கி நிற்கும்படி ஓர் அறை. சுரங்கத்துக்குப் போகிறவர்களை அந்த அறையில் நிறுத்தி, உள்கதவைச் சாத்தி, அறையின் காற்றை உறிஞ்சிச் சேமித்துக்கொண்ட பிறகு வெளிக்கதவைத் திறந்துவிடுவேன். அவர்கள் திரும்பும்போது அதையே தலைகீழாகச் செய்வேன். பெரியவர் சிறியவர் எல்லோரும் என்னைக் கதவக்கா என்றே கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் வீட்டுக்காரரே ஒரு கணம் யோசிப்பார்.

2. தாங்கள் இங்கே பொறுப்பேற்று அதிகக் காலம் ஆகவில்லை. மேல்தளத்துக்கு வெளிச்சத்தம் எதுவும் வருவதுமில்லை. ஆகவே எங்கள் பழக்கம் ஒன்றை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வெளியே காற்று இல்லை. கத்தினாலும் கேட்காது. ஆனால் வெளிச்சுவரில் பதித்திருக்கும் கைப்பிடிக் கம்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு கீழ்த்தளம் முழுவதும் ஓடுகிறது. வேலை முடிந்து வருகிறவர் அந்தக் கம்பியைத் தட்டினால், உள்ளே அடுப்படியில் நிற்கிறவருக்கும் கேட்கும். வானொலிக் கருவிகள் நாளுக்கொரு முறை மக்கர் செய்த முதல் வருடத்தில் தொடங்கிய பழக்கம் இது. ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு உண்டு. உருக்காலைக்காரர் இழுத்து இழுத்துத் தட்டுவார். பாதை போடுகிறவர் தாளம் போடுவார். வீட்டில் இருப்பவர் கரண்டியால் பதில் தட்டுவார். அதைக் கேட்டபிறகுதான் பிள்ளைகள் சாப்பிட உட்காரும்.

3. இதற்குப் பிறகுதான் தங்கள் அலுவலகம் சுவரெங்கும் கல்மோதல் உணரிகளைப் பொருத்தியது. விண்ணில் பறந்துவரும் பொடிக்கற்கள் சுவரில் மோதினால் உடனே அறிவிக்கும் கருவி. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தட்டல்களையும் அது கல் என்று எடுத்துக்கொண்டு அடிக்கடி அபாயச் சங்கை ஊதியது. தட்டக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நாங்கள் தட்டினோம். எச்சரிக்கை வந்தது. அப்போதும் தட்டினோம். கடைசியில் அலுவலகம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. சீராக வரும் எந்த ஓசையையும் பொருட்படுத்த வேண்டாம் என்று இயந்திரத்துக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எங்களை மாற்ற முடியாதபோது காதைப் பொத்திக்கொண்டார்கள் என்பதுதான் இதற்கு நேரான தமிழ்.

4. இனி நடந்த சம்பவம். அன்று வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டதாகத் திரையில் காட்டியது. வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கையுறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கம்பியில் ஓசை கேட்டது. பொறுமையே இல்லாத தட்டு. கதவு திறக்கத் தாமதமானால் அடுத்து உதைதான் விழும் என்பதுபோல ஒரு தட்டு. அது யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் கணவரின் அக்கா, துளைப்பு எந்திரம் ஓட்டும் என் நாத்தனார்.

5. கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்க்கும் அண்ணனை அழைத்து, வெளிக்கதவைத் திறக்கப் பச்சை விளக்குக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “வெளியில யாரும் இல்லம்மா. எல்லாரும் உள்ள வந்தாச்சுன்னு காட்டுது.” காட்டுவது இருக்கட்டும், எனக்குக் கேட்கிறதே என்றேன். “தட்டுற சத்தம்தானே? அதை மெஷின் கணக்குல எடுக்காது. விட்டுடுங்க” என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக் கம்பியில் பதில் தட்டினேன். உடனே வெளியிலிருந்து தட்டல் இரண்டு மடங்கு வேகமாக வந்தது. கல் ஒரு முறை மோதும். பதில் கேட்டுவிட்டு மறுபடி மோதாது. இதைச் சொன்னதும் அந்த அண்ணனும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் திரையில் ஆள் இல்லாமல் பச்சை விளக்குப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. தங்கள் அலுவலகத்தைக் கேட்டார். கூட்டம் நடக்கிறது, காத்திருக்கவும் என்று பதில் வந்தது.

6. நான் காத்திருக்கவில்லை. விண்ணுடையை மாட்டிக்கொண்டு நடு அறைக்குள் போய், உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவின் பூட்டை உடைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றித் திறந்தேன். காற்றை உறிஞ்சிச் சேமிக்க நேரமில்லை. ஓர் அறைக் காற்றும் வெளியே போயிற்று. சங்கு ஊதியது, தெருக்களின் கதவுகள் தாமாக மூடிக்கொண்டன, சுரங்க வேலை அந்த ஷிப்ட் முழுவதும் நின்றது. தங்களையும் சுரங்கக் கம்பெனியிலிருந்து வந்த விருந்தினர்களையும் கூட்ட அறையிலேயே அடைபட வைத்ததும் இதுதான். அதற்கு வருந்துகிறேன். இந்த மனுவில் நான் வருத்தம் தெரிவிக்கும் இடம் இது ஒன்றுதான்.

7. என் நாத்தனார் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் கட்டிப் பிடித்தபடி, மறு கையில் இருந்த துளையூசியால் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வானொலி செத்துப் போயிருந்தது. உடையில் காற்று கடைசிக் கட்டத்தில் இருந்தது. உள்ளே இழுத்துப் போட்டு, வெளிக்கதவைச் சாத்தி, அறையில் காற்றை நிரப்பித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “ஒரு கதவத் தொறக்க இவ்வளவு நேரமா?” அதன் பிறகு என் விண்ணுடையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர், மருத்துவர் வந்து விரல்களைப் பிரிக்கும்வரை விடவில்லை.

8. வெளியே இருந்தவரை உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது ஏன்? ஆட்களை எண்ணும் அடையாளப் பட்டை உடையில் தைத்திருக்கிறது. காலையில் அவருடைய உடையின் கையுறை கசிந்ததால், உதிரி உடையை மாட்டிக்கொண்டு போனார். அவசரத்தில் பட்டையை மாற்றித் தைக்கவில்லை. பழைய உடை உள்ளே கொக்கியில் தொங்கிக்கொண்டு, அவர் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரைக் கதவருகே பார்த்து அனுப்ப வேண்டிய நான், பேச்சு வார்த்தை இல்லாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுப்பினேன். அதனால் பட்டை இல்லாததை நானும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை எங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

9. குறிப்பாணை என்மேல் சுமத்தும் குற்றங்களில் ஒன்று, “உறவுப் பற்றின் காரணமாக விதியை மீறினார்” என்பது. ஐயா, இதைப் படித்துக் கீழ்த்தளமே சிரிக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான காற்றுக்குழாயின் மூடியை அவர் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. அது பற்றி நான் கொடுத்த புகார் தங்கள் அலுவலகத்திலேயே கிடக்கிறது, பதிலும் வரவில்லை. பற்று இருந்து திறந்தேன் என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவர் அவராகத்தான் இருப்பார். வெளியே ஓர் ஆள் தட்டினார், நான் கதவுக்காரி, திறந்தேன். அங்கே எனக்கு ஆகாதவர் நின்றிருந்தாலும் திறந்திருப்பேன். உண்மையில் எனக்கு ஆகாதவர்தான் நின்றிருந்தார்.

10. தாங்கள் எனக்கு ஒரு சலுகை தந்திருக்கிறீர்கள். தயாரித்து அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டால் வேலையிலேயே தொடரலாம். மறுத்தால், அடுத்த சரக்குக் கப்பலில் பூமிக்கு அனுப்பப்படுவேன். என் மகள் இங்கே பிறந்தவள். இந்தப் பாறையின் லேசான எடைக்குப் பழகிய அவளுடைய எலும்புகளுக்குப் பூமியில் நிற்கக்கூடப் பல வருடப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும். இது தங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இந்தத் தண்டனையைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் திருத்துங்கள்.

11. முதலில் என் கணவர் என்னைக் கெஞ்சினார். “ஒரு கையெழுத்துதானே, போட்டுடேன். புள்ளைய நெனச்சுப் பாரு” என்றார். பிள்ளையை நினைத்துப் பேனாவையும் எடுத்தேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரி என் கையை நிறுத்தியது: “வெளியிலிருந்து வரும் தட்டல் ஓசையை இனிப் பொருட்படுத்த மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.” என் கணவரும் ஒவ்வொரு முறையும் வெளியே போகிறவர். மறுநாள் எனக்கு ஓய்வு. அவர் வேலை முடிந்து, தங்கள் ஆணைக்குப் பயந்து, தட்டாமல் வந்தார். வீட்டுக் கதவு திடீரென்று திறந்ததில் மகள் அலறிவிட்டாள். அவர் வந்ததே தெரியாமல் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கடைசி வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, “வேணாம், போடாத” என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

12. எங்களை இங்கே அழைத்து வந்தபோது, மனிதகுலத்தின் புதிய வீடு என்று தங்கள் அலுவலகத்தார் வண்ணப் படங்களோடு சொன்னார்கள். இந்தப் பாறையிலிருந்து எடுக்கும் உலோகத்தில் கப்பல்கள் கட்டுவோம், அந்தக் கப்பல்களில் இன்னும் தூரப் பாறைகளுக்குப் போவோம், அங்கேயும் குடியிருப்போம் என்றார்கள். நம்பித்தான் வந்தோம், இப்போதும் நம்புகிறோம். அங்கேயும் கதவுகள் இருக்கும். இங்கே எழுதும் விதியைத்தான் அங்கேயும் எடுத்துப் போவீர்கள். தட்டுகிறவருக்குத் திறக்கக் கூடாது என்று முதல் வீட்டிலேயே எழுதிவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை பாறைகளில் கொடி நட்டாலும் அதை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

13. ஆகவே நான் கேட்பது: தட்டல் ஓசையைப் புறக்கணிக்கும் கட்டளையை நீக்கி, அந்த ஓசை வந்தால் கதவுப் பணியாளருக்குத் தெரியும்படி இயந்திரத்தை மாற்றித் தர வேண்டும். திரையில் என்ன காட்டினாலும், பதில் தட்டலுக்குப் பதில் வந்தால் திறக்கும் உரிமை கதவில் நிற்பவருக்கு வேண்டும். கட்டுப்பாட்டு அறை அண்ணன்மேல் நடவடிக்கை கூடாது, அவர் தங்கள் சுற்றறிக்கைப்படிதான் நடந்தார். என்மேல் உள்ள குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். காற்றுக்குழாய் மூடி பற்றிய பழைய புகாரையும் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

14. தாழ்மையுடன் என்று எழுதி முடிப்பது வழக்கம். இம்முறை அந்தச் சொல் பொருந்தாது. மன்னிப்புக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கப்பலில் ஏற்றுவதென்றால் ஏற்றுங்கள். அது வரும்வரை கதவு என் பொறுப்பு. ஐயா அவர்கள் ஒரு முறையாவது விண்ணுடை மாட்டி வெளியே வந்து, வானொலியை அணைத்துவிட்டு, அந்தக் கம்பியைப் பிடித்து நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வர வேண்டும் என்று தோன்றும்போது தட்டுங்கள். தங்களுக்காகவும் பச்சை விளக்குக்குக் காத்திருக்க மாட்டேன்.

இடம்: இரட்டைக்கதவு அறை, கீழ்த்தளம்.
நாள்: சரக்குக் கப்பல் வருவதற்கு முந்தைய வாரம்.

இப்படிக்கு,
தன் பணியைச் செய்த,
(ஒப்பம்) கதவக்கா

சாட்சி:
மேலே சொல்லப்பட்ட நாத்தனார் நான்தான். என்னைப் பற்றி இவர் எழுதியிருப்பதில் பாதி பொய். தட்டியதும் திறந்ததும் உண்மை. எனக்கும் இவருக்கும் இன்னும் பேச்சில்லை. ஆனால் இவரைக் கப்பலில் ஏற்றும் நாளிலிருந்து நான் சுரங்கத்துக்குப் போக மாட்டேன். துளைப்புக் குழுவில் மற்றவர்களும் போக மாட்டார்கள். அவர்களுடைய ஒப்பங்கள் பின்பக்கத்தில் உள்ளன.
(ஒப்பம்) துளைப்பு எந்திரப் பணியாளர்