சூக்குயான் என்று நானே சொன்னேன்

மோருகா, டிரினிடாட்
1935 அக்டோபர்

அன்பு மகன் லூசியோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அந்த அரூபா எண்ணெய் ஆலையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இல்லை என்று கையாட்டிவிட்டு மிதிவண்டியைத் திருப்பிக்கொள்கிறார். அவரைச் சொல்லி என்ன பயன்.

இந்த வருஷம் மழை விட்டபாடில்லை. கொக்கோக் காய்கள் மரத்திலேயே கறுத்துப்போகின்றன. நம் கோவேறு கழுதை பெப்பா இருக்கிறாள். ஆனால் போன மாதம் ஒரு காலையில் கழுத்தெல்லாம் ரத்தம் வடிய நின்றாள். உடனே வௌவால் பிடிக்கிற சர்க்கார் ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். குவின்டன் என்று பெயர், நல்ல பிள்ளை. கொட்டகையைச் சுற்றி வலை கட்டினான். கடிவாயில் ஒரு விஷப்பாகைத் தடவினான். வௌவால் மறுநாளும் அதே காயத்துக்குத்தான் வருமாம், குடித்துவிட்டுச் சாகுமாம். செத்ததை என்னிடம் தூக்கிக் காட்டினான். என் உள்ளங்கை அளவுகூட இல்லை. இந்தச் சுண்டைக்காயா உன் அப்பாவைக் கொண்டுபோனது என்று கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போது யாருக்குத் தெரிந்தது? முதலில் மாடுகள் பின்னங்கால் இழுத்துச் செத்தன. விஷப்புல் என்றார்கள். பிறகு மனிதர்கள் செத்தார்கள். பிள்ளைகளுக்கு வருகிற முடக்குவாதம் என்றார் டாக்டர். உன் அப்பா கால் விரலில் ரத்தத்தோடு எழுந்தபோது கொசுவுக்கு வீரம் வந்துவிட்டது என்று சிரித்தாரே, நினைவிருக்கிறதா? விரலில் எரிச்சல் தொடங்கியபோது காயம் ஆறியே போயிருந்தது. பிறகு கால் போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியில் மூச்சு. வெறிநாய் நோயேதான், நாய்க்குப் பதில் வௌவால் கொண்டுவருகிறது என்று பட்டணத்து டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. ஹிலாரியா மார்க்கானோ சூக்குயான். ராத்திரியில் தோலைக் கழற்றி உரலுக்குள் ஒளித்துவிட்டு, நெருப்புருண்டையாய்ப் பறந்து போய் ரத்தம் குடிக்கிறவள். புருஷனையே குடித்துத் தீர்த்தவள். வீட்டுப்படி ஏறவே என் முழங்கால் கத்துகிறது, நான் பறக்கிறேனாம்!

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதை நீ வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டு எமெல்டாவின் அண்ணன் உன் ஆலையில்தானே வேலை செய்கிறான்? அவன் காதுக்கு இந்நேரம் போயிருக்கும்.

எமெல்டாவின் மகள் வெரோனிக்கை உனக்குத் தெரியும். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது வாய் ஓயாத வாயாடி. இந்த ஊரில் என் படியில் வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான், அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல். ஓடையில் துணி துவைக்கும்போது அவள் கால் பெருவிரலைப் பார்த்தேன். கரண்டியால் வழித்தது போல ஒரு சின்னக் குழி. வலி இல்லை என்கிறாள், ரத்தம் மட்டும் நிற்கவில்லை. உன் அப்பாவின் விரலில் பார்த்த அதே காயம்.

எமெல்டாவிடம் ஓடினேன். பிள்ளையை இன்றைக்கே சான் பெர்னாண்டோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, எரிச்சல் தொடங்கிவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று கெஞ்சினேன். ஒரு காலத்தில் அக்கா அக்கா என்று என் அடுப்படியிலேயே கிடந்தவள் அவள். "நீயே கடிச்சிட்டு நீயே வழியும் சொல்றியா? என் பிள்ளை நிழல்ல உன் காலு பட்டுது, அவ்வளவுதான்" என்று கத்தினாள். ஓடைக்கரை முழுக்க வேடிக்கை பார்த்தது. குவின்டன் போய்ச் சொன்னான். "வௌவாலுக்குப் பழக்காட்டுல வேலை இருக்கு தம்பி. இது யார் வேலைன்னு எங்களுக்குத் தெரியும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். கோவிலில் பங்குச் சாமியார் சொன்னதற்கும் தலையாட்டினார்கள், அசையவில்லை. பிள்ளைக்கு இலைத்தண்ணீரில் குளியல். வாசலில் அரிசி. சூக்குயான் அதை ஒன்றுவிடாமல் எண்ணாமல் உள்ளே வரமாட்டாளாம். சன்னல் மட்டும் ஆவென்று திறந்து கிடக்கிறது!

காத்திருந்து பார்த்தேன் லூசியோ. தினமும் அந்தப் பிள்ளை நடப்பதையே வேலிவழியே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை இழுக்கிறாளா, விரலைச் சொறிகிறாளா என்று. சோறு இறங்கவில்லை. நான் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் ஒருநாளும் நம்பப்போவதில்லை என்று ஒரு நாள் எனக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோவில் முற்றத்தில் நின்றார்கள். எமெல்டா முன்னால் போய் நின்று உரக்கச் சொன்னேன். "ஆமாடி, நான்தான். நான்தான் குடிச்சேன். என் பல்லு விஷம் உன் இலைத்தண்ணிக்கு அடங்காது. சர்க்கார் ஊசி ஒண்ணுக்குத்தான் அடங்கும். வயித்துல போடுவாங்க, தினம் போடுவாங்க. ஒரு நாள் தவறினாலும் நான் திரும்பி வருவேன்." சில பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எமெல்டாவின் புருஷன் என்மேல் பாய்ந்தான், குவின்டன்தான் குறுக்கே விழுந்து தடுத்தான். ஆனால் அன்று மதியமே பிள்ளையைக் கொக்கோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது அவள் சான் பெர்னாண்டோவில் சித்தி வீட்டில் இருக்கிறாள். ஊசி தவறாமல் நடக்கிறது. குவின்டன் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்து சொல்வான். ஊசி போட நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறதாம், அத்தனை அலறலாம். அலறட்டும், அலறுகிற பிள்ளை உயிரோடு இருக்கிறது. எமெல்டாவுக்கு மனது பொறுக்கவில்லையாம், ஆனால் என்மேல் உள்ள பயத்தில் நிறுத்தவில்லையாம்.

இங்கே என் கதை உனக்கே தெரியும். கடையில் சாமானைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறார்கள். என் உரலுக்குள் யாரோ உப்பும் மிளகாயும் கொட்டிவிட்டார்கள், நான் கழற்றிய தோல் எரியட்டும் என்று. கழுவிக் கழுவிப் பார்த்தும் காப்பிக்கொட்டை இடித்தால் காரம் அடிக்கிறது. என் படியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சாயங்காலமானால் பெப்பாவிடம் பேசுகிறேன், அவளும் எவ்வளவுதான் கேட்பாள்.

ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குவின்டன் குதித்தான். நான் விடவில்லை. நான் சூக்குயான் இல்லை என்று தெரிந்த மறுநிமிஷம் எமெல்டா பிள்ளையை ஊசியிலிருந்து கூட்டிவந்துவிடுவாள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள்? என் வாயாலேயே ஒப்புக்கொண்டேனே. இனி சாகிற வரைக்கும் நான் அதுதான். ஆகவே அங்கே யாராவது உன்னிடம் இதைக் கேட்டால் நீயும் மறுக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்காக.

ஆனால் நீ நம்பாதே லூசியோ. நீ ஒருவன் மட்டும் நம்பாதே.

நீ கப்பலேறப் புறப்பட்ட காலையில் நான் முத்தமிட வந்தேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவசரம் என்றாய். லாரி வர வெகுநேரம் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்காமல் படி இறங்குவது நம் குடும்பத்தில் கிடையாது. நீ கேட்காமலே இறங்கினாய். உன் அப்பாவைப் புதைத்த மண்கூட அப்போது காயவில்லை, ஊர் பேசியதெல்லாம் உன் காதிலும் விழுந்திருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுது மகனே. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். "அம்மா, நீ இல்லை என்று எனக்குத் தெரியும்" என்று மட்டும் எழுது.

நீ கேட்கவில்லை, பரவாயில்லை, இதோ தருகிறேன். கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக. இரவில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு.

உன் அம்மா,
ஹிலாரியா