இரண்டாவது தொப்பி

டென்னஸி,
ஜனவரி 14

அன்பு லூசியன்,

நலமா? நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். நம்மை ஃபுட்பால் அணியில் சேர்த்துக்கொண்ட கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதியவரின் ஆட்டமுறையில் என்னைப் போல் பந்தை எறிபவனுக்கு வேலையே இல்லை. கல்லூரி மாறுகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் என் லாக்கரிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். நீ அப்போது தேர்வு எழுதிக்கொண்டிருந்தாய்.

இங்கே எனக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவன் நல்ல பையன்தான். ஆனால் பந்து என் கைக்கு வருமுன் உன்னைப் போல எதையாவது முணுமுணுக்கமாட்டேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
கென்ட்ரெல்

*

லூசியானா,
பிப்ரவரி 2

கென்ட்ரெல்,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். "அந்தப் புள்ள ஒழுங்கா சாப்பிடுதாமா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் உன்மேல் கோபம் வரவில்லை.

புது கோச் என்னை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தவில்லை. "தம்பி, உன்னை யாரு தேர்ந்தெடுத்ததுன்னு இங்க எல்லாரையும் கேட்டுப் பாத்தேன். யாரும் இல்லையாம். நீ வந்தாத்தான் அவன் வருவேன்னானாம். அவன்தான் போயிட்டானே? உனக்கும் ஒரு நல்ல இடமா பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வெளியே நம் அணி டாரல் நின்றிருந்தான். "என்னடா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கல்லூரி அணியில் சேர நாம் கையெழுத்திட்ட நாளை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளி ஜிம், மேசைமேல் பல கல்லூரிகளின் தொப்பிகள்; எதை மாட்டுகிறோமோ அந்தக் கல்லூரி. நீ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாய். அதே கல்லூரியின் இரண்டாவது தொப்பியை என் தலையில் வைத்தாய். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. என் ஆட்டத்தைப் பார்த்துத்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச் சொன்னது உண்மையா? ஒரு வரி எழுதினால் போதும்.

லூசியன்

*

டென்னஸி,
பிப்ரவரி 11

அன்பு லூசியன்,

உண்மை.

அந்தக் கோச் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மா வைத்த கம்போக் குழம்பை இரண்டாம் கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டார். "லூசியனும் வந்தாத்தான் நான் வருவேன்" என்றேன். "எந்த லூசியன்?" என்றார். அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். தனியாகப் போகப் பயந்தேன் என்பதும் நிஜம்.

போகட்டும். இங்கே பேசிவிட்டேன். நான் சொன்னால் செய்வார்கள். முன்வரிசையில் ஓரிடம் இருக்கிறது. வீம்பு பிடிக்காமல் கிளம்பி வாடா.

உன்,
கென்ட்ரெல்

*

லூசியானா,
ஏப்ரல் 20

கென்ட்ரெல்,

உன் அழைப்புக்கு நன்றி. நான் வரவில்லை.

ஆர்க்கன்சாவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போய்வந்தேன். அரங்கம் பாதி காலியாகத்தான் இருக்குமாம். அங்கிருக்கும் கோச், நாம் ஆடிய பழைய ஆட்டம் ஒன்றின் படத்தைப் போட்டுக் காட்டினார். "பந்து எங்க போச்சுன்னே நான் பாக்கல தம்பி. உன் காலை மட்டும்தான் பாத்தேன். இடது கால் சரியான சோம்பேறி. சரி பண்ணிடலாம்" என்றார். இதுவரை என் காலை யாரும் குறை சொன்னதில்லை. வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒருவனோடு முன்பு சேர்ந்து ஆடியவர்களுக்குப் போன் செய்து விசாரிப்பது அவர் வழக்கமாம். உன் எண்ணை நான் கொடுக்கவில்லை. ஆனால் உன் பெயர் ஊரறிந்தது. அவரே தேடிப் பிடித்து அழைத்தாலும் அழைக்கலாம்.

அழைத்தால், என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லிவிடாதே. அவ்வளவாகப் பழக்கமில்லை என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
லூசியன் கிலரி