அப்பா பார்த்த அறுபத்தொன்று

ஏப்ரல் 20, திங்கள்

தங்கை கவிதாவின் என்ஜினியரிங் நுழைவுத்தேர்வு முடிவு இன்று வந்தது. என் போனில் நான்தான் பார்த்தேன். அறுபத்தொன்று. அப்பா எட்டிப் பார்த்து, "அறுபதுக்கு மேல! ஃபர்ஸ்ட் கிளாஸுடி!" என்று கத்தினார். என் டிகிரி மார்க்கை வைத்து அவர் கற்றுக்கொண்ட கணக்கு அது. ஆனால் இது மார்க் இல்லை, பெர்சன்டைல். நூறு பேரில் அறுபத்தொரு பேரை முந்தியிருக்கிறாள், அவ்வளவுதான். இதற்கு சீட் கிடைக்காது. சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் லட்டு வாங்கிக்கொண்டு திருபுவனை கம்பெனிக்குப் பகல் ஷிப்டுக்குப் போய்விட்டார். சாயந்திரம் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னாப்பா, என்ஜினியர் அப்பா இனிமே பஸ்ல வருவாரா, கார்ல வருவாரான்னு கம்பெனியில எல்லாரும் ஓட்றானுங்க" என்று சொல்லி, மிச்சமிருந்த லட்டைக் கவிதாவின் வாயில் ஊட்டினார். அவள் தலைகுனிந்து மென்றாள்.

பாத்திரம் கழுவும்போது மெதுவாகக் கேட்டேன்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா. ரெண்டு வருஷமா படி படின்னு மட்டும்தான் சொன்னாரு. இன்னிக்குத்தான் என்னாண்ட சிரிச்சுப் பேசறாரு. இன்னிக்கு விட்டுடு. நாளைக்கு நீயே சொல்லிடு."

சரி என்று சொல்லிவிட்டேன். நாளை அப்பாவுக்குக் காலை ஷிப்ட். ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். அவர் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.