எந்த ஷரோன்?

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். போலாரத்தில் பஸ் வரவே இல்லை. கடைசியில் ஸ்கூட்டர். அம்மா முன்னால், நான் பின்னால், குடை நடுவில், இருவருக்கும் உபயோகமில்லாமல். ஆலயத்துக்குத் தாமதம். இரண்டாம் பாட்டு பாதியில் நுழைந்தோம்.

முக்கியச் செய்தி: பாரிஷ் ஹாலில் உள்ள புத்தக அலமாரியைத் திறக்கப் போகிறார்கள்! புதுப் போதகர் அறிவித்தார். அறுப்பின் பண்டிகையன்று சாவி இளையவர் ஒருவரிடம் தரப்படும். யார் என்று கமிட்டி முடிவு செய்யும்.

அந்த அலமாரியைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தே ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டேன். உள்ளே அத்தனையும் தமிழ்ப் புத்தகங்களாம். யாரோ புண்ணியவான் முதுகுப் பக்கம் உள்ளே போகும்படி அடுக்கியிருக்கிறார், பெயர்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் தமிழில் அச்சடித்தது எல்லாம் படித்து முடித்தாயிற்று. மிக்சியோடு வந்த கையேட்டின் தமிழ்ப் பக்கம் உட்பட.

சாவி எனக்குத்தான் வர வேண்டும். சண்டே ஸ்கூலில் தமிழ் எழுத்துக்கூட்டாமல் படிப்பவள் நான் ஒருத்தி. ஆனால் எனக்கு ஒரு தடை. என் பெயர்.

பெயர் என்றால் ஷரோன் இல்லை. அதன் முன்னால் நிற்பது.

ஊர் தெலுங்கு ஊர், எங்கள் சபை தமிழ்ச் சபை. அதில் ஒரே பெயர் மூன்று நான்கு பேருக்கு. தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது, எங்களுக்கு வெறும் இனிஷியல், அதுவும் மோதும். அதனால் அடைமொழி. ஸ்டேஷன் டேனியல் தாத்தா ரயில்வேயில் இருந்தவர். இன்வெர்ட்டர் டேனியல் மாமா எப்போதோ ஒரே ஒரு இன்வெர்ட்டர் விற்றார். லண்டன் டேனியல் தாத்தாவுக்கு மகன் மட்டும் லண்டனில். ரெண்டு பொண்டாட்டி டேனியல் அங்கிளுக்கு மனைவி ஒருவர்தான். கல்யாணமான முதல் ஞாயிறு மனைவியோடு மனைவியின் தங்கையையும் கூட்டிவந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்தது.

யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது. உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போகவே போகாது.

ஷரோன் இரண்டு பேர். நன்றாகப் பாடுகிற காலேஜ் அக்கா, பாட்டு ஷரோன். இன்னொருத்தி நான். இரண்டாம் வகுப்பில் சண்டே ஸ்கூல் பிக்னிக் போன பஸ்ஸில், அப்போதைய போதகர் மனைவியின் மடியில். ஒரே ஒரு தடவை.

இன்றுகூட, கமிட்டியில் இருக்கும் கனகா ஆன்ட்டி ஆலய வாசலில் எல்லார் முன்னாலும்: "ஏ வாந்தி, உங்க அம்மா எங்கட்டி?"

தெலுங்கிலும் அது வாந்திதான். பள்ளிக்கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அக்டோபர் 8, புதன்

வெயில். கணக்குத் தேர்வு சுமார்.

திட்டம்: அடைமொழியை மாற்றுவது. புத்தக ஷரோன். 'புக் ஷரோன்' ஆனாலும் சரி. நானே சொல்லக் கூடாது, அவர்களாகச் சொல்ல வேண்டும். ஆகவே ஞாயிறுதோறும் தடித்த புத்தகத்தோடு ஆலயப் படிக்கட்டில் உட்கார்வது. கடல் பிராணிகள் பற்றிய இங்கிலீஷ் புத்தகம்தான் வீட்டிலேயே தடித்தது. அட்டையில் திமிங்கிலம். தூரத்திலிருந்தும் தெரியும்.

அப்பா பட்டான்செருவில் வேலை முடிந்து வந்து சொன்னார், அங்கே ஒரு ஷேர் ஆட்டோவின் பெயரும் ஷரோனாம். திருமலகிரியில் ஷரோன் லேடீஸ் டெய்லர் வேறு. சண்டே ஸ்கூல் டீச்சர் கணக்குப்படி ஷரோன் உண்மையில் ஒரு சமவெளி. ஆட்டோ, தையல் கடை, சமவெளி. ஒன்றுக்காவது அடைமொழி உண்டா?

அக்டோபர் 12, ஞாயிறு

படிக்கட்டு, திமிங்கிலம். முதல் நாள் பலன்:

ஸ்டேஷன் தாத்தா: "என்னம்மா வாந்தி, பரீட்சையா?"

"இல்ல தாத்தா, சும்மா படிக்கிறேன்."

"சும்மாவா? உடம்புக்கு என்ன பண்ணுது?"

புதுக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. கச்சிபௌலியில் இருபத்தோராம் மாடியாம். பூனாவிலிருந்து மாற்றல். மகள் என் வயது. பெயர் கேட்டேன். ஷரோன்! அப்பா பெயர் சாலமன். எங்கள் அப்பா சாமுவேல். அவளும் எஸ்., நானும் எஸ்.

நல்ல பெண். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. பேச்சிலும் பாதி ஹிந்தி. கனகா ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, "வாந்தி உன் செல்லப் பேரா? ஜெயந்தி மாதிரி? சோ ஸ்வீட்" என்றாள்.

ஒரு நொடி யோசித்தேன். "அந்த மாதிரிதான்" என்றேன்.

அதற்குப் பிறகு ஆராதனை முடியும்வரை அவள் வாந்தி, வாந்தி என்று அன்பாகக் கூப்பிட்டாள். அந்தச் சொல் அவ்வளவு மரியாதையாக யார் வாயிலும் வந்ததில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பூனா ஷரோன் இரவுச் சாப்பாட்டில், "என் புது ஃபிரெண்ட் பேரு வாந்தி" என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா கையில் ரசம். ரசம் கீழே. அவள் அம்மா என் அம்மாவுக்கு போன். என் அம்மா சிரித்துச் சிரித்து, பிக்னிக் கதையை முதலிலிருந்து, பஸ் நம்பர் தவிர எல்லாவற்றோடும்.

பிறகு அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நிறையச் சிரிப்பு. கடைசியில் மட்டும்: "சாரி யார். ஐ லைக் இட் எனிவே." (ஹிந்தியில் யார் என்றால் தோழி.)

அக்டோபர் 19, ஞாயிறு

பயங்கரம்.

புதுப் போதகருக்கு அடைமொழிகள் ஆகாது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். அதனால் இன்று அறிவிப்பில்: "நம் அன்புச் சகோதரர் டேனியல் நேற்றிரவு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் டேனியல் தாத்தா மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ரெண்டு பொண்டாட்டி டேனியல் அங்கிளின் மனைவி, காய்ச்சலில் அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், "ஐயோ என் ராசா!" என்று ஒரே அலறல். பத்துப் பேர் போனை எடுத்தார்கள். இன்வெர்ட்டர் மாமா பின்னாலிருந்து, "நான் இல்ல, நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினார்.

"எந்த டேனியல் பாஸ்டர் ஐயா?"

போதகர் தாளைப் பார்த்தார். "டேனியல்... மாரேட்பள்ளியில் வீடு... வயது தொண்ணூறு..."

ஆலயம் முழுவதும் பெருமூச்சு. "அட, லண்டனா! அப்ப சரி" என்று கனகா ஆன்ட்டி உரக்கச் சொல்லிவிட்டு, உடனே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். லண்டன் தாத்தா என்றால் எல்லாருக்கும் பிரியம். எனக்கும். பார்க்கும்போதெல்லாம் ஏலக்காய் மிட்டாய் தருவார். நானும் அழுதேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மேகமூட்டம். எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

போன வாரக் கலவரத்தில் திமிங்கிலத்தைப் பூனா ஷரோனிடம் கொடுத்திருந்தேன், படம் பார்க்கக் கேட்டாள் என்று. இன்று எனக்கு முன்பே வந்து, அதே படிக்கட்டில் அதை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி வேறு. (பவர் இல்லாத கண்ணாடி. ஃபேஷன்.)

ஸ்டேஷன் தாத்தா நின்று பார்த்தார். என் காது கேட்கவே சொன்னார்: "பாருங்க, இந்தக் காலத்துல இவ்வளவு பெரிய புக்கு படிக்குது. நல்ல பிள்ளை. புக் ஷரோன்!"

ஆராதனை முடிவதற்குள் பரவிவிட்டது. புக் ஷரோன் வந்தாளா, புக் ஷரோன் அம்மா எங்கே, புக் ஷரோனுக்கு இன்னொரு இட்லி.

இரண்டு வாரம் நான் உட்கார்ந்து தேய்த்த படிக்கட்டு. என் திமிங்கிலம். அவளுக்கு ஒரே காலை.

அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எனக்கென்று இரண்டு இட்லி எடுத்து மூடி வைத்திருந்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கமிட்டி கூடியது. கமிட்டியில் இருக்கும் இன்வெர்ட்டர் மாமா அப்பாவுக்கு போன் பண்ணினார். அலமாரிச் சாவி ஷரோனுக்கு. ஏகமனதாக! ஷாமியானா வாடகைக்கே இரண்டு மணி நேரம் சண்டை போடுகிற கமிட்டி, இதில் இரண்டே நிமிடமாம்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கேசரி. எனக்கு மட்டும் சந்தேகம். "எந்த ஷரோன்னு கேட்டீங்களாப்பா?"

"சாமுவேல், ஷரோனுக்குத்தான்னு சொன்னாரு. நம்ம வீட்டுக்கு போன் பண்ணி வேற யார சொல்லுவாரு?"

மாலை ஏழு மணி. பூனா ஷரோனிடமிருந்து போட்டோ. அவர்கள் வீட்டில் பாதாம் அல்வா. செயலாளர் ஜான்சன் அங்கிள் போன் பண்ணிச் சொன்னாராம்.

எட்டு மணி. பாட்டு ஷரோன் அக்காவின் ஸ்டேட்டஸில் அவள் அம்மா ஜிலேபி ஊட்டுகிறாள்.

கேசரி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

ஜான்சன் அங்கிளிடமே கேட்டுவிடச் சொன்னேன். அம்மா மாட்டேன் என்கிறாள். "கேட்டா நமக்கே சந்தேகம்னு ஆயிடும். நக்கோ, வேண்டாம்." மற்ற இரண்டு அம்மாக்களும் இதே கொள்கை என்று தெரிகிறது. யாரும் கேட்கவில்லை.

குளிர் ஆரம்பம். ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஆலயம் முழுக்கக் கரும்பு, வாழைத்தார். ஹாலில் காணிக்கைப் பொருட்கள் ஏலம். இன்வெர்ட்டர் மாமா ஒரு பூசணிக்காயைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு, "ஸ்டேஷன் கேட்டாச்சு, ரெண்டு பொண்டாட்டி கேட்டாச்சு, வேற யாரு?" போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏலம் முடிந்து மைக்கில் போதகர்: "நம் அலமாரியின் பொறுப்பை ஏற்க, கமிட்டி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருப்பது... ஷரோன்!"

கைதட்டல். மூன்று அம்மாக்கள் எழுந்தார்கள்.

கைதட்டல் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல்: "எந்த ஷரோன் பாஸ்டர் ஐயா?"

போதகர் முகத்தில் டேனியல் ஞாயிறு திரும்பி வந்தது. மெதுவாகக் கமிட்டி பக்கம் திரும்பினார்.

ஜான்சன் அங்கிள்: "புது ஃபேமிலிய ஈடுபடுத்தணும்னுதான்... நான் புக் ஷரோன்னு நெனச்சேன்."

கனகா ஆன்ட்டி: "பாட்டு ஷரோன்தானே? பெரிய பிள்ளை, பொறுப்பா இருப்பா."

இன்வெர்ட்டர் மாமா பூசணிக்காயைக் கீழே வைத்தார். "நான் நம்ம வாந்திய நெனச்சுத்தான் கை தூக்கினேன். வேற யாரு அந்தக் கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டு நிப்பா?"

ஒருத்தராவது என்னை நினைத்திருக்கிறார். அழக் கூடாது என்று ஸ்வெட்டர் பட்டனை எண்ணினேன்.

பாட்டு ஷரோன் அக்கா எழுந்து, "அங்கிள், எனக்கு நக்கோ. டிசம்பர்ல பெங்களூரு, வேலை கிடைச்சாச்சு" என்றாள். அவள் அம்மாவுக்கே அது புதுச் செய்தி. அந்த மூலையில் தனியாக ஒரு சண்டை தொடங்கியது.

"அப்ப புக் ஷரோன்தான். அலமாரில புக்கு, பேருலயும் புக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" பலர் சொன்னார்கள். நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே நியாயமாக இருந்தது. அதுதான் கொடுமை.

பூனா ஷரோனை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஜான்சன் அங்கிள் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினார். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"அங்கிள், எனக்கு தமிழ் படிக்கவே வராது. அந்த புக்குகூட இவளோடது. நான் படம் மட்டும்தான் பாத்தேன். சச்சீ, நிஜமா." என்னைக் காட்டினாள். "வாந்திக்கு குடுங்க. அவ எல்லாத்தையும் படிப்பா."

அர்த்தம் தெரிந்த பிறகும் ஜெயந்தி மாதிரியே சொன்னாள். ஹால் கொஞ்சம் சிரித்தது. பிறகு ஸ்டேஷன் தாத்தா, "ஹவ், சரிதான்" என்றார். தலைகள் ஆடின.

நான் முன்னால் போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

ஜான்சன் அங்கிள் மினிட்ஸ் நோட்டைத் திறந்தார். "இந்தத் தடவை தெளிவா எழுதிடணும். இனிஷியல் என்னம்மா?"

"எஸ்."

"புக் ஷரோனுக்கு?"

"எனக்கும் எஸ்" என்றாள் அவள்.

பேனா அந்தரத்தில். "புக் நம்பர் டூன்னு போடுங்க" என்று யாரோ. போதகர் நெற்றியைத் தேய்த்தார். பெரிய கொள்கை ஒன்றைக் கீழே இறக்கி வைக்கிற முகம். என்னிடம் குனிந்து, மெதுவாக: "நீயே சொல்லம்மா. உன்னை என்னவென்று எழுதலாம்?"

இந்தச் சபையில் இதுவரை யாரையும் யாரும் இதைக் கேட்டதில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். புத்தக ஷரோன். படிப்பு ஷரோன். தமிழ் ஷரோன். எல்லாம் வாய்வரை வந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். புத்தகம் என்று எழுதினால், அடுத்த வருடம் யாராவது நோட்டைப் புரட்டி, "புக் ஷரோன்தானே?" என்று சாவியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். படிக்கிறவள், தமிழ்க்காரி, இனி எத்தனை ஷரோன் வேண்டுமானாலும் வரலாம். சந்தேகமே வராத பெயர் ஒன்றுதான் இருந்தது.

மைக் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன்.

"வாந்தி ஷரோன்னு போடுங்க அங்கிள். அது நான் ஒருத்திதான்."

ஹால், தெரு, எதிர்வீட்டு மொட்டைமாடி எல்லாம் கேட்டது. ஜான்சன் அங்கிள் எழுதினார். போதகர் கையெழுத்துப் போட்டார். சாவி என் கையில்.

நவம்பர் 10, திங்கள்

பனி. அம்மா இன்னும் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும்: "மினிட்ஸ்லயே ஏத்திட்டா. இனி கல்யாணப் பத்திரிகைதான் பாக்கி."

அப்பா: "நல்லதுதானே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தப்பான மண்டபத்துக்குப் போக மாட்டாங்க."

அலமாரியைத் திறக்க ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். சாவியை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். இடம் போதவில்லை, காம்பஸை வீட்டில் வைத்துவிட்டேன். இரண்டாம் பீரியடில் கணக்கு டீச்சர் எல்லாரையும் வட்டம் போடச் சொன்னார்.