என் மெஷினைக் கற்றுக்கொள்ள வந்தவள்

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் குருண் ஊர்க் கையுறைத் தொழிற்சாலையில் சில மாதங்களாகவே ஆர்டர் குறைவு. இன்று சூப்பர்வைசர் செல்வம் ஒரு வியட்நாம் பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார்.

"அக்கா, இவங்களுக்கு உங்க மெஷின் வேலைய சொல்லிக் கொடுங்க லா."

"எதுக்கு தம்பி?"

"மெஷின் அவங்க நாட்டுக்குப் போவுது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எல்லாவற்றையும் காட்டினேன். அவள் சீக்கிரமாகவே பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: "நீங்களும் எங்களோடு வருவீர்களா?" தலையை ஆட்டிவைத்தேன். அவள் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவருக்கும் அங்கேதான் வேலை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை அவருடைய பகுதிக்கும் யாராவது கற்றுக்கொள்ள வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.